தொழிலாளர் குறை கேட்ட தமிழாசிரியர்

சென்னை பெரம்பூரில் அந்தக் காலத்தில் இரண்டு பெரிய பஞ்சாலைகள் இருந்தன. ஒன்று பக்கிங்காம் மில். மற்றொன்று கர்நாடிக் மில். இரண்டும் பின்னி கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தன.

மாலையில் வேலை முடிந்ததும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வெளியே வருவார்கள். தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக இருக்கும். அவர்களில் சிலர் நேராக வீட்டுக்குப் போக மாட்டார்கள். மில்லுக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் வருவார்கள். அங்கே அவருடைய நண்பர் ராமானுஜுலு நாயுடுவும் இருப்பார்.

இந்த இருவரும் ஒரு பஜனை சபை நடத்தி வந்தார்கள். தொழிலாளர்கள் பஜனைக்கு வந்தார்கள். வந்த இடத்தில் தங்கள் கஷ்டங்களையும் சொன்னார்கள்.

விடியற்காலையில் மில்லுக்குள் போனால் இருட்டும்போதுதான் வெளியே வரலாம். ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலையை 1911-ம் ஆண்டுச் சட்டமே அனுமதித்திருந்தது. நடுப்பகலில் கிடைத்த ஓய்வு அரை மணி நேரம். அதற்குள் கை கால் கழுவ வேண்டும், சாப்பிட வேண்டும், ஓடி வந்து மிஷின் முன்னால் நிற்க வேண்டும். கொஞ்சம் தாமதித்து வந்தால் கூலி போய்விடும். மேஸ்திரிகள் திட்டுவார்கள், சில சமயம் அடிப்பார்கள். இதையெல்லாம் போய்ச் சொல்ல ஓர் இடம் கிடையாது. சொன்னவனுக்கு வேலை இருக்காது.

காஞ்சிபுரத்தில் பரம்பரையாக நெய்கிறவர்களுக்கு இந்த வாழ்க்கை விசித்திரமாகத் தோன்றியிருக்கும். சின்ன காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளி தன் வீட்டிலேயே குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர். பசித்தால் எழுந்துபோய்ச் சாப்பிடலாம். மனைவியும் மக்களும் கூடமாட உதவுவார்கள். அவருக்கும் கடன் தொல்லை உண்டு, பட்டு முதலாளியின் கெடுபிடி உண்டு. ஆனால், சாப்பாட்டு நேரத்தை இன்னொருவன் கடிகாரம் பார்த்துச் சொல்கிற நிலைமை இல்லை. பெரம்பூரில் நெய்தவனுக்கு அந்த நிலைமைதான் இருந்தது. அவன் பிரச்சினை புதிய பிரச்சினை. அதற்குப் புதிய வழி தேவைப்பட்டது.

இந்தக் குறைகளைக் கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காத செட்டியாரும் நாயுடுவும், மேடைப் பேச்சில் பெயர் எடுத்திருந்த ஒரு தமிழறிஞரைப் பெரம்பூருக்கு அழைத்து வந்தார்கள். 1918-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர் தொழிலாளர்கள் மத்தியில் பேசினார். மேல்நாடுகளில் தொழிலாளர்கள் எப்படிச் சங்கம் கண்டார்கள் என்பதை எளிய தமிழில் எடுத்துச் சொன்னார்.

அவர்தான் திரு.வி.க.

துள்ளத்தில் பிறந்தவர்

திருவாரூர் விருத்தாசல கலியாணசுந்தரம் என்பது முழுப் பெயர். திருவாரூர் அவருடைய முன்னோர் ஊர். அவர் பிறந்தது பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில். பிறந்த நாள் 1883 ஆகஸ்டு 26. தந்தை விருத்தாசல முதலியார். தாயார் சின்னம்மாள்.

சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தார். நடுவில் கையும் காலும் முடங்கும் நோய் வந்தது. படிப்பு தடைப்பட்டது. பிறகு தேறி மீண்டும் பள்ளிக்கூடம் போனார். அங்கே அவருக்குத் தமிழ்ச் சுவையை ஊட்டியவர் யாழ்ப்பாணம் கதிரைவேற் பிள்ளை. அந்த ஆசிரியர் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டபோது மாணவர் அவருக்காகக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார். பரீட்சை தவறிப்போயிற்று. அதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

ஸ்பென்சர் கம்பெனியில் கொஞ்ச காலம் கணக்கு எழுதினார். பிறகு வெஸ்லி பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். நல்ல உத்தியோகம்தான். 1917 டிசம்பரில் அதை விட்டுவிட்டு தேசபக்தன் என்ற தினசரிக்கு ஆசிரியரானார். அந்த நாளில் அரசியல் கூட்டம் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். மேடையையும் பத்திரிகையையும் தமிழுக்குத் திருப்பியவர்களில் திரு.வி.க. முன் வரிசையில் நிற்பவர். படிக்காத தொழிலாளிக்கும் அவர் பேச்சு விளங்கியது என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

சங்கம் பிறந்தது

பெரம்பூர் நண்பர்கள் அத்துடன் நிற்கவில்லை. அன்னி பெசண்டு அம்மையாரைப் பார்க்க அவருடைய பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அம்மையார் இல்லை. அவருடைய துணைவர்களில் ஒருவரான பி.பி. வாடியா இருந்தார். இவர் பம்பாய்ப் பக்கத்துப் பார்சி. சுயாட்சிக் கிளர்ச்சிக்காக 1917-ல் பெசண்டு அம்மையாரோடு உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டவர்.

வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. மில் வேலையும் தெரியாது. ஆனாலும் நேரில் போய்ப் பார்த்தார். தொழிலாளர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் பேசினார். திரு.வி.க. அதைத் தமிழில் சொன்னார். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. வாடியா தலைவர். திரு.வி.க.வும் கேசவ பிள்ளையும் துணைத் தலைவர்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் செயலாளர்கள். முறையாக அமைந்த தொழிற்சங்கம் என்று இந்தியாவில் முதலில் சொல்லத்தக்கது இதுவே என்பார்கள்.

சங்கத்தின் முதல் கோரிக்கைகள் என்ன தெரியுமா? நாட்டைப் புரட்டிப் போடும் கோரிக்கை எதுவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தைச் சில நிமிடம் கூட்ட வேண்டும் என்பது ஒன்று. இவ்வளவு சிறிய விஷயத்தைக் கேட்பதற்கே ஒரு சங்கம் தேவைப்பட்டது!

சங்கம் தொடங்கிய அதே 1918-ல் திரு.வி.க.வின் வீட்டில் விளக்கு அணைந்தது. 1912-ல் அவர் கைப்பிடித்த கமலாம்பிகை அம்மையார் செப்டம்பர் மாதம் காலமானார். பிறந்த இரண்டு குழந்தைகளும் முன்பே இறந்திருந்தன. திரு.வி.க. மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதன் பிறகு சங்கமும் எழுத்தும்தான் அவர் குடும்பம்.

கதவடைப்பும் கோர்ட்டும்

1920 அக்டோபரில் மில் கதவுகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். டிசம்பரில் போலீசார் சுட்டதில் இரண்டு பேர் இறந்தனர். கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போயிற்று. தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்கு போட்டது. கோர்ட்டு தடையுத்தரவு பிறப்பித்தது.

சங்கம் வைப்பது சட்டப்படி குற்றமா, இல்லையா? அப்போது தெளிவான பதில் இல்லை. தொழிலாளர் குறையைக் கேட்டு, அதற்காகப் பேசிய தலைவரின் சொத்தையே பறித்துவிடலாம் என்ற நிலைமை! கடைசியில் ராஜி ஏற்பட்டது. வாடியா சங்கத்தை விட்டு விலகினார். இந்த வழக்கின் எதிரொலி டில்லி வரை கேட்டது. 1921-ல் என்.எம். ஜோஷி சட்டசபையில் இந்தப் பிரச்சினையைக் கிளப்பினார். அதன் விளைவாக 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் தலைவர்மீது அந்த மாதிரி வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அதில்தான் கிடைத்தது.

வாடியா போன பிறகு சுமை திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்!

1921-ன் சோதனை

1921-ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் மீண்டும் வேலை நிறுத்தம் மூண்டது. இந்தத் தடவை தொழிலாளர்களே இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். முந்தின கதவடைப்பில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கையில் சேமிப்பு கிடையாது, கடன் கொடுக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் மாதக்கணக்கில் தாக்குப் பிடிக்கலாம், அவர்களால் முடியாது. அவர்கள் தலைவர் எம்.சி. ராஜாவும் வேலை நிறுத்தத்தை ஆதரிக்கவில்லை. சர்க்கார் இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது. புளியந்தோப்பில் கலகம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. நேற்று வரை அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். ஆகஸ்டில் போலீசார் மறுபடி சுட்டார்கள். பல உயிர்கள் போயின.

சங்கம் இதில் தவறியது என்றே சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொதுவான குறையைக் கேட்ட தலைவர்கள், அடித்தட்டில் இருந்தவர்களின் தனிக்குறையைக் கேட்கப் பிந்திவிட்டார்கள். சாதிச் சுவர் மில்லுக்குள்ளும் இருந்தது. திரு.வி.க. சமாதானத்துக்காக அலைந்தார். பலன் கிட்டவில்லை.

அப்போது சென்னை கவர்னர் வில்லிங்டன் பிரபு. அவர் திரு.வி.க.வைக் கூப்பிட்டு எச்சரித்தார். நாடு கடத்தப்படுவார் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. அதைத் தடுத்தவர் யார் என்பதுதான் சுவையான விஷயம். நீதிக் கட்சித் தலைவர் தியாகராய செட்டியார்! அரசியலில் திரு.வி.க.வுக்கு எதிர் முகாம். மேடையில் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கியவர்கள். ஆனால் நாடு கடத்தினால் தம் கட்சி மந்திரிகள் பதவியில் இருக்க மாட்டார்கள் என்று தியாகராயர் கவர்னருக்குத் தெரிவித்தார். யோசனை கைவிடப்பட்டது. தியாகராயர் நெசவாளர் குலத்தில் பிறந்தவர், தாமே தறிகள் வைத்து நடத்தியவர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அக்டோபரில் வேலை நிறுத்தம் முடிந்தது. அது தோல்விதான். பலருக்கு மீண்டும் வேலை கிடைக்கவில்லை.

காஞ்சி மாநாடு

இவ்வளவுக்கும் நடுவில் அவர் பேனா ஓயவில்லை. 1920 அக்டோபரில் நவசக்தி வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற ரா.கிருஷ்ணமூர்த்தி அதில்தான் உதவியாசிரியராக எழுத்துப் பயின்றார். பெண்ணின் பெருமை, முருகன் அல்லது அழகு முதலிய நூல்கள் அந்தக் காலத்தில் வந்தவையே.

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு கூடியது. திரு.வி.க. தலைவர். ஈ.வெ.ராமசாமிப் பெரியார் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். திரு.வி.க. அதை அனுமதிக்க மறுத்தார். பெரியார் வெளியேறினார். அந்த ஒரு நாளில் தமிழ்நாட்டு அரசியல் வேறு பாதையில் திரும்பியது. நண்பரின் முறையீட்டை விவாதத்துக்காவது விட்டிருக்கலாம் என்று நினைப்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இருவர் நட்பு மட்டும் முறியவில்லை.

நாளடைவில் திரு.வி.க. கட்சி அரசியலிலிருந்து ஒதுங்கினார். தொழிலாளர் கூட்டங்களுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. யார் கூப்பிட்டாலும் போனார். இராயப்பேட்டையில் அவருடைய சாது அச்சுக்கூடத்தில் அச்சுக் கோக்கிறவர்களும் தொழிலாளர்கள்தானே! ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறவருக்குத் தம் அச்சுக்கூடத்துக் கூலிப் பட்டியலையும் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக் காவல்

1947-ல் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. ஏறக்குறைய நூறு நாள் நீடித்தது. ஆட்சியில் இருந்தது வெள்ளைக்கார கவர்னர் அல்ல. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை. திரு.வி.க. ஒரு காலத்தில் அதே காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் தலைவராக இருந்தவர். வயது 63 ஆகிவிட்டது. கண் பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. அந்த முதியவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். வில்லிங்டன் செய்யாமல் விட்டதைச் சொந்தக்காரர்கள் செய்தார்கள்!

கடைசி ஆண்டுகளில் பார்வை அடியோடு போய்விட்டது. ஆனாலும் அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். முதுமை உளறல் என்ற நூல் அப்படி உருவானதுதான். டாக்டர் மு.வரதராசனார் அவரிடம் பெரும் பற்றுக் கொண்டவர். பின்னர் அவர் வரலாற்றை நூலாகவும் எழுதினார்.

1953 செப்டம்பர் 17-ந் தேதி திரு.வி.க. காலமானார்.

வாடியா அமெரிக்காவுக்குப் போய் வந்து தத்துவப் பணியில் ஈடுபட்டு, 1958-ல் பெங்களூரில் இறந்தார். பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் 1996-ல் மூடப்பட்டன. மில் தொழிலாளர்கள் குடியிருந்த பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்தில் இன்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. அதன் பெயர் திரு.வி.க. நகர்.