தப்பைக் கண்டு பயப்படாத பாட்டி

கணக்கு நோட்டில் தப்பு வந்தா நாம என்ன செய்வோம்? டீச்சர் பார்க்கிறதுக்கு முன்னாடி ரப்பர் வைத்து அழிச்சிடுவோம். ஆனால் தப்பைத் தேடிப் பிடிப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்த ஒருவர் இருந்தார். அவர்தான் கிரேஸ் ஹாப்பர்.

இவர் 1906 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு பார்க்க ஒன்றைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரமும் காலி!

கல்லூரி நுழைவுத் தேர்வில் லத்தீன் பாடத்தில் ஃபெயில் ஆனார். சோர்ந்து போகாமல் அடுத்த வருஷம் சேர்ந்தார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேரப் போனார். எடை பத்தாதுன்னு சொன்னாங்க. சிறப்பு அனுமதி வாங்கி 1943-ல் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஹார்வர்டில் மார்க் 1 என்ற கம்ப்யூட்டரில் வேலை கிடைத்தது. அது 51 அடி நீளம்! நம்ம வகுப்பறைக்குள்ளேயே அடங்காது.

1947-ல் மார்க் 2 கம்ப்யூட்டர் தகராறு செய்தது. உள்ளே ரிலே என்ற சுவிட்சில் ஒரு விட்டில் பூச்சி மாட்டியிருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் அதை எடுத்து, பதிவு நோட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். கோளாறுக்குப் 'பூச்சி' என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் நிஜப் பூச்சி கிடைத்தது அன்றைக்குத்தான். இந்தக் கதையை ஹாப்பர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாராம்.

அந்தக் காலத்தில் புரோகிராமை ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குக் கையால்தான் எழுதணும். அப்போது பி என்ற ஆங்கில எழுத்து 13 ஆக மாறிவிடும். உடனே எல்லாம் தப்பாகும். ஆட்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, பார்த்து எழுதும் வேலையை மிஷினிடமே கொடுத்தால் என்ன என்று ஹாப்பர் யோசித்தார். 1952-ல் ஏ-0 என்ற கம்பைலரை உருவாக்கினார். கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போட மட்டும்தான் தெரியும்னு சொல்லி முதலில் பலர் நம்பவே இல்லை.

இன்றைக்குப் பிரிண்டரை ஓட வைக்கும் 'டிரைவர்' என்ற புரோகிராமைக் கூடக் கம்பைலரில்தான் போடுகிறார்கள். ஒரு புள்ளி, ஒரு அடைப்புக்குறி விட்டுப் போனாலும் எந்த வரியில் தப்புன்னு பெரும்பாலும் அது காட்டிவிடும்.

1967-ல் கடற்படை அவரை மறுபடி கூப்பிட்டது. ஒரே கோபால் மொழிதான், ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. எல்லாம் ஒரே விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம்களை அவர் குழு எழுதியது. 1986-ல், 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று காலமானார்.

இதைப் படித்த பிறகு என் அரையாண்டுக் கணக்குப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். பாதித் தப்பு கணக்கு தெரியாமல் வந்தது இல்லை. கேள்வித்தாளைப் பார்த்து எழுதும்போது மைனஸை விட்டதால் வந்தது! இப்போது கடைசிப் பக்கத்தில் என் தப்பை எல்லாம் எழுதி வைக்கிறேன். நீங்களும் அழிக்காதீங்க, எழுதி வையுங்க. அதே தப்பு மறுபடி வந்தா உடனே பிடிச்சிடலாம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி