நீலக் குதிரைகளைத் தீட்டியவர்

குதிரை நீல நிறத்தில் இருக்குமா? பசு மஞ்சள் நிறத்தில் துள்ளுமா? ஜெர்மானிய ஓவியர் பிரான்ஸ் மார்க்கின் படங்களில் இரண்டும் உண்டு.

மார்க் 1880 பிப்ரவரி 8-ந் தேதி மூனிக் நகரில் பிறந்தார். தந்தையும் ஓவியரே. மனிதரைவிட விலங்குகளே தூய்மையானவை என்று மார்க் நம்பினார். வருமானம் போதாத நாளில் மாணவர்களுக்கு விலங்குகளின் உடலமைப்பைக் கற்றுக் கொடுத்தார். எலும்பையும் தசையையும் நன்கு அறிந்த பிறகே நிறத்தை மாற்றினார். நீலம் ஆண்மைக்கும் ஆன்மிகத்துக்கும், மஞ்சள் பெண்மைக்கும் மகிழ்ச்சிக்கும், சிவப்பு ஜடப்பொருளுக்கும் உரியவை என்பது அவர் கொள்கை.

1911-ல் காண்டின்ஸ்கியுடன் சேர்ந்து 'நீலக் குதிரை வீரன்' என்ற குழுவைத் தொடங்கினார். 'பெரிய நீலக் குதிரைகள்', 'மஞ்சள் பசு' ஆகியவை அவ்வாண்டில் தீட்டியவை. 1913-ல் தீட்டிய 'விலங்குகளின் விதி'யில் காடே அழிகிறது. நடுவே ஒரு மான் கழுத்தை உயர்த்தி நிற்கிறது.

மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. மார்க் படையில் சேர்ந்தார். பீரங்கிகளை விமானங்களின் பார்வையிலிருந்து மறைக்கும் கித்தான்களுக்கு வர்ணம் தீட்டினார். சிறந்த கலைஞர்களைப் போர்முனையிலிருந்து விடுவிக்க அரசு முடிவு செய்தது. அந்த உத்தரவு வந்து சேருமுன், 1916 மார்ச் 4-ந் தேதி வெர்டூன் அருகே, குதிரை மீது வேவு பார்க்கச் சென்றவர் குண்டுச் சில்லு பாய்ந்து மாண்டார். வயது 36.

1937-ல் நாஜிகள் அவருடைய படங்களை இழிந்த கலை என்று கண்காட்சியில் வைத்துப் பழித்தனர். நாட்டுக்காக உயிர் விட்டவரை இப்படி அவமதிப்பதா என்று ராணுவ அதிகாரிகள் சங்கம் ஆட்சேபித்தது. 'நீலக் குதிரைகளின் கோபுரம்' அங்கிருந்து அகற்றப்பட்டது. அந்த நான்கு குதிரைகளும் பின்னர் காணாமல் போயின.