கடிகாரக் கோபுரத்துக் கைதி

லண்டன் பார்லிமெண்டுக் கட்டிடத்தை நம்மில் நேரிலே கண்டவர் சிலராக இருக்கலாம். படத்திலேனும் பாராதார் இரார். ஓங்கி நிற்கிறதே கடிகாரக் கோபுரம், அதற்குள்ளே ஓர் அறை. 1880 ஜூன் 23-ந் தேதி அந்த அறையிலே ஒருவரை அடைத்தனர். களவாடினாரா? கலகம் விளைவித்தாரா? இல்லை, தோழர்களே! தேர்தலிலே வென்றார். வென்றவர், தமக்குரிய இடத்திலே அமர வந்தார். அதுதான் குற்றம்!

சார்லஸ் பிராட்லா அவர் பெயர். 1833-லே லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியிலே, வக்கீல் குமாஸ்தா ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினோரு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எடுபிடி வேலை, பிறகு நிலக்கரி வியாபாரியிடம் கணக்கு வேலை. ஞாயிறு தோறும் தேவாலயப் பள்ளியிலே சிறுவர்க்கு வேதம் போதிக்கும் பக்திமான்!

பிஷப் வருகிறார், நன்றாகப் படித்து வை என்று பாதிரியார் பணித்தார். பையன் படித்தான். ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளை ஒரு பக்கமும், சுவிசேஷங்களை மறுபக்கமும் வைத்துப் படித்தான். ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஐயம் தீர்த்திட வேண்டுமெனப் பணிவோடு கடிதம் எழுதினான். பாதிரியாரோ தகப்பனுக்கு எழுதினார், மகன் நாத்திகனாகிறான் என்று! பள்ளியிலே போதிக்கத் தடை. பதினாறு வயதிலே வீடும் இல்லை.

நிலக்கரி விற்றுப் பிழைக்க முயன்றார். வாங்கிவந்த ரொட்டிக்கடை அம்மையார், இவன் கரியை எரித்தால் ரொட்டியிலே கந்தக வாடை வீசுமே என்று அஞ்சி நிறுத்திவிட்டாராம். நரகத்து நெருப்பு கந்தகமல்லவா! கடன் கழுத்தை நெரிக்க, பட்டாளத்திலே சேர்ந்து அயர்லாந்து போனார். 1853-லே மீண்டு வந்து, பகலிலே வக்கீல் குமாஸ்தா, மாலையிலே மேடை. 1866-லே தேசிய இலௌகிக சங்கம் கண்டார். அந்த அலை சென்னைக்கும் வந்தது. இங்கும் ஓர் இலௌகிக சங்கம் தோன்றி, 1882 முதல் தத்துவ விவேசினி எனும் தமிழ் ஏட்டை நடத்திற்று.

நார்த்தாம்டன், பூட்சு தைக்கும் தொழிலாளர் நிறைந்த ஊர். அங்கே மூன்று முறை நின்று தோற்றார் பிராட்லா. நான்காம் முறை, 1880-லே வென்றார். ஆண்டவன் ஆணையாக என்று பிரமாணம் செய்தாலன்றி காமன்ஸ் சபையிலே அமர இயலாது. நான் நம்பாத ஒன்றின்மீது ஆணையிடுவதைவிட, மனமறிய உறுதி கூறுகிறேனே என்று கேட்டார். குவேக்கர் எனும் பிரிவினருக்கு 1833-லேயே தரப்பட்ட உரிமைதான் அது. முடியாது என்றனர். சரி, சட்டம் கேட்கிறபடியே பிரமாணம் செய்கிறேன் என்றார். நம்பாதவன் செய்யும் பிரமாணம் செல்லாது என்றனர்! வெளியேற மறுத்தவரைக் கோபுரத்திலே பூட்டி, மறுநாள் விட்டனர்.

தொழிலாளர் சளைக்கவில்லை. 1881, 1882, 1884, 1885 என மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினர். 1881 ஆகஸ்டு 3-ந் தேதி, வாயிலிலே போலீசார் அவரை இழுத்துத் தள்ளினர், உடை கிழிந்தது. கடவுளுக்காகவா இவ்வளவு? ராண்டல்ஃப் சர்ச்சில் கூட்டத்தாருக்கு, பிரதமர் கிளாட்ஸ்டனைச் சங்கடப்படுத்த ஒரு கருவி கிடைத்தது, அவ்வளவே! பழுத்த பக்தரான கிளாட்ஸ்டனோ, உறுதிமொழி மசோதாவுக்காக 1883-லே வாதாடினார். மூன்றே வாக்கிலே அது தோற்றது: 289-க்கு 292.

கடல் கடந்து அமெரிக்காவைப் பாருங்கள். பிராட்லா சொற்பொழிவாற்றச் சென்ற நாடு அது. பதவிக்கு மதச் சோதனை கூடாதென்று 1787-லேயே அரசியல் சட்டத்திலே எழுதி வைத்தார்கள். அரசுக்கென்று ஒரு திருச்சபை இல்லை. ஆயினும் கடவுள் நம்பிக்கை இல்லையென்று பகிரங்கமாக ஒப்புக்கொண்ட முதல் காங்கிரஸ் உறுப்பினர் என்று பேசப்பட்டவர் பீட் ஸ்டார்க், ஆண்டு 2007! சட்டத்திலே தாழ்ப்பாள் இல்லை. வாக்காளர் நெஞ்சிலே இருந்தது. இங்கிலாந்திலோ நேர்மாறு. மன்னரே திருச்சபைத் தலைவர், பிரபுக்கள் சபையிலே 26 பிஷப்புகளுக்கு இடம். எனினும் 2021 கணக்கெடுப்பிலே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறித்துவர் என்றோர் 46.2 சதவீதம்தான், மதமே இல்லை என்றோர் 37.2. தாழ்ப்பாள் போட்டிருந்தது மேலே. கீழே, நார்த்தாம்டன் தோல் பட்டறையிலே, அன்றைக்கே கதவு திறந்திருந்தது. சட்டத்தை மட்டும் பார்த்து ஒரு சமுதாயத்தை எடை போடுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

1886-லே புதிய சபாநாயகர் பீல், எவரும் குறுக்கிடக்கூடாதென்று கூறிப் பிராட்லாவைப் பிரமாணம் செய்ய விட்டார். உள்ளே வந்தவர் வஞ்சம் தீர்க்கவில்லை, மசோதா கொண்டுவந்தார். 1888-லே அது சட்டமாயிற்று. சபையிலும் நீதிமன்றத்திலும், ஆணைக்குப் பதில் உறுதி கூறலாம், எவரும்! மறு ஆண்டு பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தார். இந்தியருக்காகச் சபையிலே இடைவிடாது பேசியவர். இந்தியாவின் உறுப்பினர் என்றே அவரைக் குறிப்பிட்டனர்.

1891 ஜனவரி 27-ந் தேதி, அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கிற்று காமன்ஸ் சபை. அப்போது நினைவிழந்து படுக்கையிலே கிடந்தார் பிராட்லா. செய்தி அவர் செவிக்கு எட்டவில்லை. 30-ந் தேதி மறைந்தார். புரூக்வுட் இடுகாட்டுக்குச் சென்ற கூட்டத்திலே லண்டன்வாழ் இந்தியர் பலர் இருந்தனர். சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தோரு வயது காந்தியாரும் அவர்களிலே ஒருவர்.