திப்புவின் கைத்துப்பாக்கி

பழந்துப்பாக்கி எது கைக்கு அகப்பட்டாலும் அதைத் திப்பு சுல்தானுடையது என்று கூறிவிடுவது எளிது. ராணுவ ரிவால்வருக்குக்கூட அப்பெயர் சூட்டுவோர் உண்டெனின், அவர்கள் அவ்வீரனைப் புகழ்கின்றார்களில்லை. அவன் செய்த காரியத்தையே மறைக்கின்றனர் என்போம்.

திப்பு ஆர்க்காட்டுச் சீமைக்கு அந்நியனல்லன். 1750-ஆம் வருஷம் தேவனஹள்ளியில் பிறந்த அவனுக்கு, ஆர்க்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரையே பெற்றோர் இட்டனர். 1767-இல் ஹைதர் அலி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்ட அதே யுத்தத்தில், பதினேழு வயது வாலிபனான திப்பு குதிரைப்படையுடன் சென்னைப் பட்டணத்தின் எல்லைவரை பாய்ந்து வந்தான். 1782 டிசம்பரில் ஹைதர் சித்தூருக்கருகே பாசறையில் காலமாகவே, அரசபாரம் அவன்மேல் ஏறிற்று.

கும்பினியாரோடு அவன் புரிந்த யுத்தங்களை நேயர்கள் அறிவர். அவனுடைய பட்டறைகளை அறிந்தவர் சிலரே. அந்நியரிடம் விலைக்கு வாங்கிய ஆயுதத்தை மட்டும் நம்பி அந்நியரை எதிர்க்கவியலாதென்று கண்ட அவன், ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே துப்பாக்கிகள் செய்வித்தான். 1788-இல் பாரிஸ் நகரடைந்த அவனுடைய தூதர்கள் பிரெஞ்சுக் கைவினைஞரையும் உடனழைத்து மீண்டனர்.

அப்பட்டறையின் பிஸ்தோல் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றுவது. புலிவரிகளும், ஹைதரின் பெயரைக் குறிக்கும் முத்திரையும் அதில் காணப்படும். ஜோடியாகச் செய்தவற்றுள் ஒன்றன் விசைப்பொறி வலப்புறமும் மற்றதன் பொறி இடப்புறமும் அமைந்திருப்பதுண்டு. வருஷமோ திப்பு ஏற்படுத்திய மௌலூதிக் கணக்கு; இலக்கங்களை வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். 2221 என்றிருந்தால் அது 1222. அத்துடன் 572 கூட்டினால் கி.பி. 1794. (நம் பள்ளிப்பிள்ளைகள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்!) கும்பினியார் துப்பாக்கியிலோ 1808 வரையில் இருதய வடிவ முத்திரையும், அதன்பின் சிங்கமும் பொறிக்கப்பட்டன. கோல்ட் என்னும் அமெரிக்கர் தமது ரிவால்வருக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றது 1835-இல். பிரிட்டிஷ் ராணுவம் வெப்லி ரிவால்வரை ஏற்றது 1887-இல்.

திப்புவோ 1799 மே 4-ந் தேதியன்றே தன் கோட்டை வாயிலில் போரிட்டு மடிந்தான். அவனுடைய மைந்தர்களை வெள்ளையர் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தனர். தோல் பதித்த புதுத் தலைப்பாகையை வெறுத்த சிப்பாய்கள் 1806 ஜூலை 10-ந் தேதி விடியுமுன் கிளர்ந்தெழுந்தபோது, அக்கோட்டையில் ஏறியது திப்புவின் புலிக்கொடி; அவர்கள் கையிலிருந்ததோ இருதய முத்திரையிட்ட கும்பினித் துப்பாக்கி. அன்றே கலகம் அடக்கப்பட்டது. மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.