திண்டிவனத்து இரவும் வேலூர் ஆஸ்பத்திரியும்



வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைக் கேள்விப்படாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வைத்தியம் பார்த்துத் தீராத நோய்க்குக் கடைசியில் வேலூர் பஸ் ஏறுவது நம்ம வீடுகளில் வழக்கம்தானே! ஆனால், அந்த ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்தது நம்ம திண்டிவனத்தில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை, டிப்ளமோ படிக்கிற நமக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து வைத்தியம் பார்த்தவர். அப்பாவும் டாக்டர். சின்ன வயசில் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த ஐடாவுக்கு இந்த ஊரே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அமெரிக்காவில் படித்து, அங்கேயே செட்டில் ஆகிவிடவேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். 1890-ல் திண்டிவனத்தில் இருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் கப்பல் ஏறினார்.

அப்போதுதான் அந்த இரவு வந்தது. முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய மனைவி, இன்னும் சிறுமி, பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் டாக்டர் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதை ஏற்க முடியாமல் அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேதனை, அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர். காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களுமே செத்துப்போயிருந்தார்கள். ஒரே ஊரில், ஒரே ராத்திரியில், டாக்டர் வீட்டு வாசல்வரை வந்தும் மூன்று உயிர் போய்விட்டது! அன்றே ஐடா தன் பெற்றோரிடம் தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

அமெரிக்கா போய் 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அந்தக் கல்லூரியின் முதல் வகுப்பு அது. வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டியபோது, ஷெல் என்ற நியூயார்க் பாங்கர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900 ஜனவரியில் திரும்பி வந்தார். வந்த சில மாதங்களிலேயே அப்பா காலமானார். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப் பெரிய டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. வேலூர் பங்களாவின் ஒரு சின்ன அறையில்தான் வைத்தியம். ஆரம்பத்தில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். ஆனால் இரண்டே வருஷத்தில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் நடந்திருந்தது. 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதில் டாக்டர் ஒரே ஒருத்தர்! ஆபரேஷனுக்குக் கை கொடுத்தது யார் தெரியுமா? நர்ஸ் படிப்பே படிக்காத, வீட்டு வேலைக்காரரின் மனைவி சலோமி.

எனக்குத் தோன்றுவது இதுதான். கெட்டிக்கார டாக்டர் ஒருத்தரை வைத்து ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்துவிடலாம், நடத்த முடியாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே லீவு! ஐடா இதை நன்றாகப் புரிந்துகொண்டார். 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். வர முடியாதவர்களைத் தேடி வாரம் ஒருமுறை குடியாத்தம் ரோட்டில் மாட்டு வண்டியில் போவார். புளியமர நிழலிலேயே புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மருந்து கொடுப்பார். பிறகு ஒரு பியூஜோ கார் வந்தது. சிங்கிள் சிலிண்டர் வண்டி! (ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்கள் கவனிக்க.) அதைப் பார்த்துப் பேய் வருகிறது என்று ஓடினவர்களும் உண்டாம்.

எத்தனை ஊருக்குத்தான் ஒருத்தர் போக முடியும்? பெண் டாக்டர்களை இங்கேயே உருவாக்கினால்தான் வழி என்று முடிவு செய்தார். அதிகாரிகளுக்கு நம்பிக்கையில்லை. ஆறு பெண்கள் கிடைத்தால் ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்றார் அன்றைய சர்ஜன் ஜெனரல். வந்த விண்ணப்பங்களோ 151! 1918 ஆகஸ்ட் 12 அன்று பள்ளி தொடங்கியது. ஒரு மைக்ராஸ்கோப், கொஞ்சம் எலும்புகள், விரல்விட்டு எண்ணக்கூடிய புத்தகங்கள் - லேப் வசதி அவ்வளவுதான். மாகாணப் பரீட்சையில் ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார், இவர் அனுப்பிய 14 பெண்களும் பாஸ்!

நான் முன்பே சொன்ன நெருக்கம் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பள்ளி தந்தது டிகிரி இல்லை, எல்.எம்.பி. என்ற நாலு வருஷப் படிப்பு. இன்ஜினியரிங்கில் பி.இ.-க்கும் நம்ம டிப்ளமோவுக்கும் உள்ள தூரம்தான் எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் எல்.எம்.பி.க்கும். கிராமத்தில் அன்றைக்குப் பிரசவம் பார்க்க இந்தப் பெண்களை விட்டால் யாரிருந்தார்கள்?

1938 வாக்கில் இடி விழுந்தது. இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான், எல்.எம்.பி. பள்ளிகள் கல்லூரிகளாக உயரவேண்டும் அல்லது மூடவேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. அரசைக் குறை சொல்ல முடியாது. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம் என்று டாக்டர்கள் இருக்கக்கூடாதுதான். ஆனால் மேற்படிப்புப் படித்த பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், லேப் - இதற்கெல்லாம் பணம்? ஐடாவுக்கு அறுபத்தேழு வயசு. 1941-ல் எழுபதைத் தாண்டிய நிலையில் அமெரிக்கா போய், ஊர் ஊராக அலைந்து பணம் கேட்டார். ஆண் மாணவர்களையும் சேர்த்தால்தான் பல சபைகள் ஒன்றுசேர்ந்து பணம் தரும் என்ற நிலை. இத்தனை வருஷம் அவருக்குத் தோள் கொடுத்துவந்த லூசி பீபடி அம்மையார் இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காகக் கேட்டு வாங்கிய பணமாயிற்றே! அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. திண்டிவனத்து இரவில் பிறந்த கனவும் பெண் டாக்டர்களைப் பற்றியதுதானே? ஆனாலும் ஐடா ஆஸ்பத்திரி பிழைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார். பழைய தோழமை முறிந்தது. 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண்கள் சேர்ந்தார்கள். பிறகு இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

நம்ம மாவட்டத்துக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2010-ல்தான். அந்த மூன்று பெண்கள் செத்து நூறு வருஷத்துக்கும் மேலே!

ஓய்வுபெற்ற பிறகு ஐடா கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே மாதம் 89-ஆம் வயதில் காலமானார். 2000-ல் இந்திய அரசு அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. அதன் தேதி ஆகஸ்ட் 12, அந்த எல்.எம்.பி. பள்ளி தொடங்கிய நாள்.