நீதிபதி ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர்

திருவிடைமருதூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்த ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர், வேங்கடராமையரின் புதல்வர். சென்னையில் வக்கீல் தொழிலால் பெரும்புகழ் எய்தியவர். 1906-ல் அர்பத்நாட் கம்பெனி முறிந்து, சேமித்த பொருளை இழந்து பலர் கலங்கியக்கால், அவர்தம் பெருமுயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கு தோன்றிற்று. மயிலாப்பூரில் சம்ஸ்கிருதக் கல்லூரியையும் நிறுவினார்.

அரசியலில் அவர் மிதவாதி. பாரதியாரோ தீவிரக் கட்சியினர். ஆயினும் பாரதியாரின் தேசப் பாடல்களைச் செவியுற்று உள்ளம் உருகி, 15,000 பிரதிகள் தம் செலவில் அச்சிடுவித்து இலவசமாய் வழங்கினார்.

1909-ல் ஹைக்கோர்ட்டு நீதிபதியாயினார். 1911-ல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கம் பெற்று, அவ்வாண்டு டிசம்பரிலேயே, 48-ஆம் பிராயத்தில், காலமாயினார். குமாரர் கே. சந்திரசேகரனும் குமாரி கே. சாவித்திரி அம்மாளும் பிற்காலத்தில் எழுத்துலகில் பெயர் பெற்றனர்.

மாற்றுக் கட்சியாரிடத்தும் குணங்கண்டு போற்றிய அப்பெருந்தகைமையை நம் இல்லத்துச் சிறார் மறவாதிருப்பாராக.