மண்ணில் மருந்து தேடிய சுப்பாராவ்

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார்; எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தும் நிரந்தரப் பணி கிட்டாததால், 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். நோய்க்கிருமிகளை ஒடுக்கும் பொருள்களை மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடம் தேடும் பணி அங்கு அவரது தலைமையில் நடந்தது. பல இடங்களிலிருந்து மண் மாதிரிகள் திரட்டப்பட்டன. மிசௌரி மாநில மண்ணில் கிடைத்த பொன்னிற நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார் குழுவின் தாவரவியலாளர் பெஞ்சமின் டகர்.

டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான அது 1948-ல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே, 53-வது வயதில் சுப்பாராவ் மறைந்தார். அவருக்கு இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது 1995-ல்தான்.